மேசைமேல் ஒரு பாலம்

சரித்திரப் புத்தகம் படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. முதல் வகையினர் முன்னட்டையில் தொடங்குவார்கள். ராஜா யார், மந்திரி யார், யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று கதை கேட்பதுபோலப் படித்து, ஒரு பெருமூச்சு விட்டு மூடிவைப்பார்கள். இரண்டாவது வகையினர் பின்னட்டையிலிருந்து தொடங்குவார்கள். எந்தப் படைப்பிரிவில் எத்தனை பேர், பீரங்கி எத்தனை, சாலை எவ்வளவு அகலம், அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று பின்னிணைப்பைத்தான் முதலில் மேய்வார்கள். தளபதியின் மனப்போராட்டம் வரும் பக்கங்களை எச்சில் தொட்டுப் புரட்டித் தள்ளிவிடுவார்கள். இந்த இரண்டாவது வகையை வலைபோட்டுத் தேடினாலும் லேசில் கிடைக்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனால் மூன்று பேர் மொத்தமாகக் கிடைப்பார்கள்.

ஞாயிறு கிளினிக்குக்கு விடுமுறை. மற்ற நாட்களில் நோயாளிகள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் கூடத்தில், நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடுவில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடுவார்கள். அதன்மேல் அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம் விரியும். கட்டங்களில் சின்னச் சின்ன அட்டைச் சில்லுகள். ஒவ்வொரு சில்லும் ஒரு படைப்பிரிவு. பகடையை உருட்டிச் சில்லை நகர்த்தி, என்றோ முடிந்துபோன போர்களை மறுபடி நடத்துவார்கள். தலை நரைத்த மூன்று ஆண்கள் காகிதத் துண்டுக்காக மல்லுக்கட்டுகிறார்கள் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். பார்ப்பவர் சொல்வதும் பெரிய தப்பில்லை.

பல் டாக்டர் வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் வாயைத் திறந்தால் மூடமாட்டார். எதிரிப் படை எதுவாக இருந்தாலும் அது அவருக்குத்தான். அவருடைய பால்ய சிநேகிதர் ஆடிட்டர். கூட்டல் உதைக்கிறது என்று தெரிந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அது கம்பெனிக் கணக்கானாலும் சரி, எப்போதோ செத்துப்போன சிப்பாய்களின் கணக்கானாலும் சரி. மூன்றாமவர்தான் நம் ஆள், லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸும் கம்பிவடமுமாகக் கிடப்பவருக்கு வெட்டவெளியைக் காட்டும் வரைபடத்தின்மேல் அப்படியொரு ஆசை. புத்தகத்தில் வரைபடத்தையும் அதை ஒட்டிய அத்தியாயத்தையும் அவர் கரைத்துக் குடித்துவிடுவார். பின்னிணைப்பு எண்களை மட்டும், இரண்டாவது வகைக்கே இழுக்காக, ஆடிட்டரிடம் விட்டுவிடுவார். வீட்டில் மனைவி அவருக்கு வைத்த பெயர் ஜெனரல். குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டச் சொல்லும்போதும் அதே பெயர்தான்.

இவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்தையும் அதை எழுதியவரின் பெயருக்காக நம்பமாட்டார்கள். புத்தகம் சொல்கிற தூரம், ஆள்பலம், நேரம் எல்லாவற்றையும் அப்படியே மேசையில் இறக்கி ஆடிப் பார்ப்பார்கள். புத்தகம் சொன்ன முடிவு வந்தால் அதன் முதல் வெற்றுப் பக்கத்தில் ஆடிட்டர் பென்சிலால் ‘நின்றது’ என்று எழுதுவார். வராவிட்டால் ‘நிற்கவில்லை’. பெரிய பெரிய சரித்திரப் பேராசிரியர்களையெல்லாம் இந்தக் கிளினிக்கில் பல்லைப் பிடுங்கி அனுப்பியிருக்கிறார்கள். ஒரு புத்தகம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ளும் ஞாயிற்றுக்கிழமைதான் அவர்களுக்குத் திருவிழா.

மெக்கானிக்கின் மாமனார் அவர்கள் வீட்டோடு வந்து சேர்ந்து சில வருஷங்களாகின்றன. மாமியார் போனபின் தனியாக இருக்கவேண்டாம் என்று மகள்தான் பிடிவாதமாக அழைத்துவந்தாள். வாயில் விரலை வைத்தாலும் கடிக்காத மனிதர். தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொள்வார். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். ஒரு நாளும் யாருக்கும் பாரமாக இருந்துவிடக்கூடாது என்பதில் அவருக்கு அப்படியொரு வைராக்கியம். இளமையில் ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் லெப்டினென்டாக இருந்தவர். அவர் அலமாரியில் ஒரே ஒரு சரித்திரப் புத்தகம், பச்சை அட்டை போட்டது. எந்த இடத்தில் விரலை விட்டுத் திறந்தாலும் ஆறாம் அத்தியாயத்தில்தான் திறக்கும்.

கல்யாணமான புதிதில் மனைவி அதன் காரணத்தைச் சொல்லியிருந்தாள். அந்தப் போரில் படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்தபோது, வெள்ளம் சுழித்தோடிய ஆற்றின்மேலிருந்த பாலத்தைத் தகர்க்கும் பொறுப்பு அப்பாவிடம் இருந்தது. சந்திப்பு என்று அவர்கள் குறித்துவைத்த நாற்சந்திக்கு எதிரியின் டாங்கிகள் வந்ததாகச் செய்தி கிடைத்தால் உடனே வெடிக்கவேண்டும், வெடித்த கையோடு பின்வாங்கவேண்டும் என்பது உத்தரவு. அந்தி நேரத்தில் செய்தி கிடைத்தது. அப்போது நம் ஆட்களில் ஒரு பட்டாளம் அக்கரையில் இருந்தது. அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு பாலத்தை வெடித்துத் தகர்த்தார். உத்தரவுப்படி வண்டியேறிப் போய்விட்டார். அக்கரைப் பட்டாளத்தில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

ஆறாம் அத்தியாயம் அதைத்தான் சொல்கிறது. அதிகாரியின் பெயரைச் சொல்லாமல், கடைசியில் இப்படி எழுதியிருந்தார்கள்: ‘இன்னும் அரை மணியில் பாலம் எதிரியின் கையில் போயிருக்கும். அக்கரையில் இருந்தவர்களைக் காப்பாற்ற எந்த வழியும் இருக்கவில்லை.’ அந்தக் கடைசி வரிதான் மாமனாருக்குக் கைத்தடி. அதை ஊன்றிக்கொண்டுதான் அவர் கல்யாணம் செய்தார், பிள்ளை பெற்றார், வேலைக்குப் போனார், தூங்கினார். இறந்தவர்களின் வீட்டார் சிலர் தேடிவந்து கேட்டபோதும் அவர் அந்த வரியைத்தான் சொல்லியிருக்கிறார். அதுவும் கண்ணைப் பார்த்து.

இவ்வளவும் தெரிந்தவர் மெக்கானிக். ஆகவே அவர் அறியாமல் செய்தார் என்று யாரும் வக்காலத்து வாங்க முடியாது.

ஆனால் ஒன்று, கேட்டது மாமனார்தான். ஒரு நாள் சாயங்காலம் மெக்கானிக் வேலை முடிந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். இதயத்துக்காக டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த நாள் அது. டாக்டர் மாத்திரைகளைக் கூட்டியிருந்தார், பேச்சைக் குறைத்திருந்தார்.

“மாப்பிள்ளை, நீங்க ஞாயித்துக்கிழமை புத்தகத்தையெல்லாம் சோதிச்சுப் பாப்பீங்களாமே.”

“ஏதோ பொழுதுபோக்கு மாமா.”

“என் புத்தகத்துல ஒரு வரி இருக்கு. அத மட்டும் சோதிச்சுச் சொல்லுங்க. கண்ண மூடறதுக்குள்ள தெரிஞ்சுக்கணும்.”

கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். தான் அந்த இடத்தில் இருந்ததை நண்பர்களிடம் சொல்லலாம். என்னவாக இருந்தார் என்பதைச் சொல்லக்கூடாது. தெரிந்தால் அவர்கள் இரக்கப்பட்டு ஆடுவார்கள், இரக்கப்பட்டு வருகிற முடிவு தனக்கு வேண்டாம் என்றார்.

மெக்கானிக்கின் நெஞ்சு நிறைந்துபோனது. நம்பினால் நம்புங்கள், அந்த நிமிஷத்தில் அவருக்கு வந்தது பயமல்ல, பெருமை. இத்தனை வருஷம் இந்த வீட்டில் அட்டைச் சில்லைக் கத்தரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரை யாரும் ஒரு மனிதராக மதித்ததில்லை. இன்றைக்கு மாமனாரே வந்து கேட்கிறார். அதுவும் உயிரையே பிடித்துவைத்திருக்கும் ஒரு வரியைக் கையில் கொடுத்துக் கேட்கிறார்.

மனைவி கேள்விப்பட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். சும்மா கிடக்கிற சங்கை ஊதிக் கெடுக்கவேண்டாம் என்றாள். அப்பா அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார், அதை ஆட்டிப் பார்க்க உங்கள் மேசை யார் என்று கேட்டாள்.

மெக்கானிக் சிரித்தார். தான் ஏற்கெனவே வரைபடத்தில் அளந்துவிட்டதாகச் சொன்னார். சந்திப்பிலிருந்து பாலம் டாங்கிக்கு அரை மணி தூரம். அக்கரைப் பட்டாளம் நின்றதோ வேறொரு சாலையில், அதைப்போல இரண்டு பங்கு தூரத்தில், அதுவும் நடந்து வரவேண்டும். டாங்கி உருண்டு வந்தால் எந்தக் கணக்கிலும் அதுதான் முதலில் வரும். கட்டிலில் வரைபடத்தை விரித்துத் தனியாக எத்தனையோ தடவை ஆடிப் பார்த்துவிட்டார், ஒவ்வொரு தடவையும் எதிரிதான் முதலில் பாலத்தை அடைகிறான்.

“நிக்கும்,” என்றார். “புத்தகம் நிக்கும். அப்பா நிம்மதியாத் தூங்குவார், பாரு.”

அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

அந்த ஞாயிறு மாமனார் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், பச்சைப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்தார். போரை நேரில் பார்த்தவர் என்றதும் நண்பர்கள் இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். பல் டாக்டர் தன் சுழல் நாற்காலியையே இழுத்துவந்து போட்டார். ஆடிட்டர் இந்தப் புத்தகத்தின் இன்னொரு பிரதியை வாங்கி இரண்டு வாரமாகப் படித்திருந்தார், அதனால் கேட்பதற்கு அவரிடம் கேள்விகள் குவிந்துகிடந்தன. பாலத்தின் தூண்கள் கல்லா, இரும்பா? கரை எவ்வளவு உயரம்? மாமனார் ஒவ்வொன்றுக்கும் யோசித்து, சுருக்கமாக, சரியாகப் பதில் சொன்னார்.

யார் எந்தப் பக்கம் என்று பிரிக்கும்போதுதான் முதல் இடி. எதிரி வழக்கம்போல டாக்டருக்கு. அக்கரைப் பட்டாளம் ஆடிட்டருக்கு. மெக்கானிக் நடுவர். மிச்சமிருந்தது பாலம்.

“அய்யா அங்க இருந்தவர். பாலத்த அவரே வெச்சுக்கட்டும்,” என்றார் டாக்டர், விருந்தாளிக்கு நல்ல இடத்தைக் கொடுக்கும் சந்தோஷத்தில்.

மெக்கானிக் குறுக்கே வருவதற்குள் டாக்டர் வெடிக்கான சிவப்புச் சில்லை மாமனாரின் உள்ளங்கையில் வைத்துவிட்டார். அதைக் கவிழ்த்துப் பாலத்தின்மேல் வைத்தால் பாலம் போயிற்று. மாமனார் அதை ஒரு மாத்திரையைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு விரல்களை மூடிக்கொண்டார்.

ஆட்டத்தில் ஒரு முறை என்பது கால் மணி நேரம். ஒவ்வொரு முறையின் முடிவிலும் நடுவர் பாலத்துக்காரரிடம் ஒரு கேள்வி கேட்டாகவேண்டும்: வெடிக்கிறீர்களா? அந்த விதியை எழுதியவர் மெக்கானிக்கேதான். எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது.

அந்தி. டாங்கிச் சில்லுகள் சந்திப்பில் வந்து நின்றன. செய்தி பாலத்துக்கு வந்தது. சரித்திரத்தில் இந்த முறையின் முடிவில்தான் பாலம் போனது.

“வெடிக்கிறீங்களா மாமா?” என்று கேட்டார் மெக்கானிக்.

“இல்ல. காத்திருக்கேன்.”

மெக்கானிக் இதை எதிர்பார்த்திருந்தார். காத்திருக்கட்டும். அடுத்த இரண்டு முறைக்குள் டாங்கிகள் உருண்டு வந்து பாலத்தை மிதிக்கும், வழியில்லை என்பது கண்முன்னால் தெரிந்துவிடும். அதற்குத்தானே வந்தது.

டாக்டர் டாங்கிச் சில்லில் விரலை வைத்தார். அப்போதுதான் ஆடிட்டர் தொண்டையைக் கனைத்தார். அவர் தொண்டையைக் கனைத்தால் எங்கோ ஒரு கூட்டல் உதைக்கிறது என்று அர்த்தம்.

“டாக்டர், அந்த வண்டி நகராது,” என்றார்.

பிறகு தன் பிரதியின் கடைசிப் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு விளக்கினார். ஆறாம் அத்தியாயம் டாங்கிகள் சந்திப்புக்கு வந்ததாகச் சொல்கிறது. வாஸ்தவம், வந்தன. ஆனால் இதே புத்தகத்தின் நான்காம் பின்னிணைப்பு எதிரியின் எரிபொருள் வரவைச் சொல்கிறது. அந்தப் படைப்பிரிவுக்கு எரிபொருள் வந்துசேர்ந்தது மறுநாள் பொழுது விடிந்த பிறகு. அதுவரை வண்டிகள் சந்திப்பிலேயே வறண்டு நின்றிருக்கின்றன. எதிரி பாலத்துக்கு வந்திருந்தால் நடந்துதான் வந்திருக்கவேண்டும், ஆனால் அவன் காலாட்படை அன்றைக்கு இன்னும் வெகு பின்னால் கிடந்தது. அது ஐந்தாம் பின்னிணைப்பு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக, இத்தனை வருஷமாக அந்த எண்கள் அதே அட்டைக்குள்தான் இருந்திருக்கின்றன. அத்தியாயம் படிக்கிறவர்கள் பின்னிணைப்பைத் தொடுவதில்லை. பின்னிணைப்பை மேய்கிறவர்கள் அத்தியாயத்தைத் தள்ளிவிடுகிறார்கள். எழுதியவர்கூட இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. மாமனாரும் ஆறாம் அத்தியாயத்தைத் தாண்டிப் போனதே இல்லை. போக என்ன அவசியம், அவருக்கு வேண்டியது அங்கேயே கிடைத்துவிட்டதே!

பல் டாக்டரின் முகம் மலர்ந்தது. புத்தகம் மாட்டிக்கொண்டது என்ற சந்தோஷம். தோற்கப்போவது தன் படைதான் என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. டாங்கிச் சில்லிலிருந்து விரலை எடுத்துவிட்டு, சபாஷ் என்று ஆடிட்டரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

மெக்கானிக் மாமனாரைப் பார்க்கத் துணிவில்லாமல் வரைபடத்தையே பார்த்தார். அக்கரைப் பட்டாளத்தின் சில்லுகள் சாலையில் நிற்கின்றன. பாலம் இருக்கிறது. நடுவில் எதிரி இல்லை. இனி அவை நடந்து வரவேண்டியதுதான் பாக்கி. சின்னப்பிள்ளைக்கும் தெரிகிற கணக்கு இது.

எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். வாக்குக் கொடுத்திருக்கிறார். மேசையைத் தட்டிவிட்டுவிடலாமா என்று நினைத்தார். தட்டிவிட்டால் மட்டும் பின்னிணைப்பு அழிந்துவிடுமா? லிஃப்ட் நடுவழியில் நின்றுபோய் உள்ளே ஆள் மாட்டிக்கொண்டு கத்தினால்கூட, எந்தக் கம்பியைத் தொடவேண்டும் என்று அவருக்குத் தெரியும். இங்கே தொடுவதற்கு ஒன்றுமே இல்லை. நேரமாகிவிட்டது, மாமாவுக்கு மாத்திரை போடவேண்டும், மிச்சத்தை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று முனகிப் பார்த்தார்.

“முடியட்டும்,” என்றார் மாமனார்.

கடைசியில் மூழ்குகிறவனுக்குக் கிடைத்த துரும்பாக நடுவருக்கு ஒரு அதிகாரம் மிச்சமிருந்தது. வானிலை நடுவரின் கையில்.

“மழை,” என்றார் மெக்கானிக். “இந்த முறையிலேர்ந்து மழை. அக்கரைச் சாலையெல்லாம் சேறு. பட்டாளம் கால் பங்கு வேகத்துலதான் வர முடியும்.”

ஆடிட்டர் நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தில் மழையைப் பற்றி ஒன்றுமில்லையே என்றார். ஆற்றில் வெள்ளம் போனதாக எழுதியிருக்கிறதே, மழையில்லாமல் வெள்ளம் எங்கிருந்து வரும் என்று மெக்கானிக் குரலை உயர்த்தினார். அவர் இந்த மேசையில் குரல் உயர்த்தியதே இல்லை. டாக்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. சரி, நடுவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஆடிட்டர் பட்டாளத்தை ஒரே ஒரு கட்டம் நகர்த்தப் போனார். மெக்கானிக்குக்கு மூச்சு திரும்பி வந்தது. கால் பங்கு வேகத்தில் வந்தால் விடிந்துவிடும். விடிந்தால் எரிபொருள் வந்துவிடும். டாங்கி வந்துவிடும். வரி நின்றுவிடும்.

“மழை இல்ல,” என்றார் மாமனார்.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள்.

“வெள்ளம் மேல மலையில பெஞ்ச மழையால. இங்க ஒரு சொட்டு விழல. சாலை நல்லாக் காஞ்சு கெடந்துச்சு. நிலா வேற இருந்துச்சு.”

“மாமா, உங்களுக்கு மறந்திருக்கும். எவ்வளவு காலமாச்சு.”

“எனக்கு மறக்கல மாப்பிள்ளை.”

நேரில் பார்த்தவர் சொன்ன பிறகு அப்பீல் ஏது? ஆடிட்டர் மரியாதையாகத் தலையாட்டிவிட்டுப் பட்டாளத்தை முழு வேகத்தில் நகர்த்தினார். முறை முடிந்தது. மெக்கானிக் கேட்டாகவேண்டும்.

“வெடிக்கிறீங்களா மாமா?”

“இல்ல.”

அடுத்த முறை. பட்டாளம் இன்னும் கொஞ்சம் வந்தது. வெடிக்கிறீங்களா? இல்ல. அடுத்த முறை. டாக்டருக்கு ஆட வேலையில்லாததால் டீ போடப் போனார். கூடத்தில் சில்லு நகரும் சத்தமும், மெக்கானிக்கின் கேள்வியும், மாமனாரின் பதிலும்தான். கேட்கக் கேட்க மெக்கானிக்கின் கேள்வி சுருங்கிக்கொண்டே போனது. மாமனாரின் குரல் மட்டும் ஒரே மாதிரி இருந்தது. இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த மனிதரை ஒரு வரி எழுதி ஏமாற்றிவிட்டார்களே என்று மெக்கானிக்குக்கு அந்தப் பச்சைப் புத்தகத்தின்மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு, ஏமாற்றியதற்காக ஆத்திரமா, மாட்டிக்கொண்டதற்காக ஆத்திரமா என்று அவருக்கே புரியவில்லை.

பட்டாளத்தின் முதல் சில்லு பாலத்தைத் தொட்டது. பிறகு அடுத்தது. ஆடிட்டர் ஒவ்வொன்றாக இக்கரையில் கொண்டுவந்து வரிசையாக அடுக்கினார். டீத் தட்டோடு வந்த டாக்டர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

“ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டாங்க. அய்யா, நீங்க அன்னைக்கு அங்க அதிகாரியா இருந்திருந்தா அத்தன பேரும் பொழச்சிருப்பாங்க!”

பாவம், மனுஷர் மனதாரப் பாராட்டினார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயில் கிடையாது. மாமனார் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். பிறகு, அப்போதும் மூடியிருந்த கையைத் திறந்து, சிவப்புச் சில்லைப் பாலத்தின்மேல் கவிழ்த்து வைத்தார். அது ஆட்டத்தின் முடிவு. சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டார்.

ஆடிட்டர் பழக்கதோஷத்தில் காதிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான், சோதித்த புத்தகம் விருந்தாளியுடையது என்பது உறைத்ததுபோலத் தயங்கினார். தன் பிரதியில் எழுதிக்கொள்கிறேன் என்றார். மாமனார் பச்சைப் புத்தகத்தைத் தாமே முதல் பக்கம் திறந்து, அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

“இதுலயே எழுதுங்க. சோதிச்சது இதத்தானே.”

ஆடிட்டர் தன் அழகான கையெழுத்தில் ‘நிற்கவில்லை’ என்று எழுதினார். மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். தெருவில் ஒருவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

டீயைக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். குடிக்காமல் வந்தால் அவர்கள் தப்பாக நினைப்பார்கள் என்று மாமனார் முழுவதையும் குடித்தார். இருவருக்கும் நன்றி சொன்னார். அவர்கள் வாசல்வரை வந்து, மறுபடி கட்டாயம் வரவேண்டும், உங்களைப்போல ஆள் கிடைக்காது என்று கும்பிட்டு அனுப்பினார்கள்.

லிஃப்ட் கம்பெனியின் வேனில் முன்சீட்டில் மாமனார், மடியில் புத்தகம். பின்னால் கம்பிவடச் சுருள்கள் ஒவ்வொரு திருப்பத்திலும் உருண்டு இடித்தன. வீட்டுக்குப் போனதும் மனைவி முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். அவளிடம் என்ன சொல்வது? நிற்கும் என்று சிரித்த வாயால் எதைச் சொல்வது? அதைவிட, பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்வது? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, எண்களை எழுதியவன் தப்பாக எழுதியிருப்பான், பின்னிணைப்பில் அச்சுப்பிழை இருக்கும் என்று வரிசையாக மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். எல்லாமே ஓட்டைப் பானையாக ஒழுகின.

போக்குவரத்து விளக்கு சிவப்பாகி வேன் நின்றபோது மாமனார் பேசினார்.

“நான் வெடிச்சப்பவே அவங்க செத்திருப்பாங்கன்னு நெனச்சிருந்தேன். டாங்கி வந்து எல்லாம் முடிஞ்சிருக்கும்னு.”

மெக்கானிக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“அப்படி இல்ல. அவங்க நடந்துதான் வந்திருக்காங்க. சாவகாசமா, நிலா வெளிச்சத்துல. கரைக்கு வந்து பாத்திருக்காங்க, பாலம் இல்ல. விடியிற வரைக்கும் அங்கயே நின்னிருப்பாங்க. இல்லீங்களா?”

மெக்கானிக்கின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. விளக்கு பச்சையாகிப் பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். இந்தக் கிழவருக்காகத் தன் உயிரைக் கொடு என்றால்கூட அந்த நிமிஷத்தில் கொடுத்திருப்பார். கேட்கத்தான் யாரும் இல்லை.

“மாமா, அத மனசுல வெச்சுக்காதீங்க. நாங்க மூணு பேரும் வேலையத்தவங்க. அது அட்ட, பகட. வெறும் வெளையாட்டு மாமா.”

மாமனார் அவர் பக்கம் திரும்பினார். கோபமில்லை. குற்றம் சொல்லும் பார்வையும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப்போல, மெதுவாகத்தான் கேட்டார்.

“வெறும் வெளையாட்டுன்னா, நீங்க ஏன் மாப்பிள்ளை மழையைப் பெய்ய வெச்சீங்க?”